எண்ணெய்க்கு மேல் தொப்பி

ஜனவரி 12

அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. நீ போனைப் பார்லர் கண்ணாடியில் சாய்த்து வைத்து, சத்தத்தை ஏற்றிவிட்டு, யாருடைய தலையையோ வாரிக்கொண்டே பேசுவாய். நான் கேட்பதற்கு நாற்காலியில் இருப்பவள் பதில் சொல்வாள். இங்கே என் பக்கமும் அப்படித்தான். விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர். ஒருத்தி இருமினால் மற்ற மூவரும் தண்ணீர் குடிக்கிறோம். எனக்குப் பேச வராதது எழுத வரும். அதனால் கடிதம்.

வேலையைச் சொல்கிறேன். இது லென்ஸ் செய்யும் தொழிற்சாலை. தேய்த்து மெருகேற்றிய லென்ஸ்கள் தட்டுத் தட்டாகச் சோதனை அறைக்கு வரும். நாங்கள் ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்து, சாய்த்துத் திருப்பி, கீறல், குமிழி, தூசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அறைக்குள் தூசுதான் முதல் எதிரி. உள்ளே போகும் முன் நீளக் கோட்டு, காலுக்கு உறை, தலைக்கு நெற்றியிலிருந்து பிடரி வரை இறுக்கும் எலாஸ்டிக் தொப்பி. எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்போம்.

எங்கள் மேற்பார்வையாளரை எல்லோரும் ஆந்தை மேடம் என்கிறார்கள். கண்ணை இமைக்கவே மாட்டார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு தட்டைக் கொடுத்து, "இதுல ஒண்ணு சரியில்ல. எதுன்னு சொல்லுங்க" என்றார். எனக்கு முன்னால் பார்த்தவர்கள் எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். நான் கண்டுபிடித்தேன், அக்கா. ஓரத்தில் மயிரிழை அளவு கீறல். அவர் பேனாவை எடுத்தார். என் பெயரைச் சோதனை அறைப் பட்டியலில் எழுதினார்.

ஜூன் வரை சோதனைக் காலம். அதற்குப் பிறகு நிரந்தரமாக அந்த அறையில் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். நம் வீட்டில் பட்டம் வாங்கி வேலைக்குப் போன முதல் ஆள் பெட்டிக்கு டேப் ஒட்டத்தான் போனாள் என்று யாரும் சொல்லக் கூடாது. எனக்கு அந்த அறை வேண்டும்.

மற்றபடி எல்லாம் சுகம். தலை மட்டும் கொஞ்சம் அரிக்கிறது. குளிருக்கு வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்கத் தலைக்கு ஊற்றுகிறேன். தோல் காய்ந்து இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

உன்
எலி

ஜனவரி 20

அடி எலிக்குட்டி,

உன் கடிதத்தை வாடிக்கைக்காரிகள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பாதி தலைக்கு மருதாணி பூசிய நிலையில் ஒருத்தி எழுந்து உட்கார்ந்து கேட்டாள். கீறல் கண்டுபிடித்த இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். "உங்க தங்கச்சியா? வாயைத் திறக்காம ஓரமா உக்காந்திருக்குமே, அதுவா?" என்றாள். "வாய்க்கு வேண்டிய பலத்தையும் சேர்த்துக் கண்ணுக்குக் குடுத்திருக்கு" என்றேன். சொன்ன வேகத்தில் அவள் காதுக்கும் சேர்த்து மருதாணி பூசிவிட்டேன். இதை நீ யாரிடமும் சொல்லாதே.

தலை அரிக்கிறது என்பதை மட்டும் வாசிக்கவில்லை. வாசிப்பேனா? என் எண்ணெய்ப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் படத்தில் இருப்பது யாருடைய பின்னல்? இடுப்புக்குக் கீழே தொங்கும் உன் பின்னல். "பின்னல்காரி எப்படி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் பாட்டிலை வாங்குகிறார்கள். அந்தப் பின்னலுக்குள் அரிப்பு என்று தெரிந்தால் நான் கடையைச் சாத்திவிட்டு வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான். ஆகையால் அங்கேயும் மூச்சு விடாதே.

காய்ந்த தலைக்கு எண்ணெய் போதவில்லை, அவ்வளவுதான். பெரிய பாட்டில் அனுப்பியிருக்கிறேன். தினமும் காலையில் வேர்க்கால் நனையத் தேய். கழுவாதே, ஊறட்டும். ஷாம்பு பக்கமே போகாதே. என் எண்ணெயைக் குறை சொன்ன தலை இன்னும் பிறக்கவில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். லென்ஸ் என்றால் என்ன என்று கேட்டாள். "கண்ணாடிக்குள்ள இருக்கிற கண்ணாடி" என்றேன். புரிந்த மாதிரி தலையாட்டினாள்.

அக்கா

மார்ச் 2

அக்காவுக்கு,

எண்ணெய் கிடைத்தது. நீ சொன்ன மாதிரியே தேய்க்கிறேன். பரவாயில்லை.

அறையில் வாசனை அடிக்கிறதே என்று என் கட்டிலுக்கு மேலே படுப்பவள் கேட்டாள். அவளை மேல்கட்டில் என்றே கூப்பிடுகிறோம். சோதனை அறையிலும் அவள் எங்கள் வரிசைதான். "எந்தக் கடை எண்ணெய்டி? தலையணையே நீச்சல் அடிக்குது" என்றாள். அதிலிருந்து, எழுந்ததும் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு தேய்த்து, அங்கேயே தொப்பியை மாட்டிவிடுகிறேன். சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் தொப்பியைக் கழற்றிக் காற்று வாங்குவார்கள். நான் கழற்றுவதில்லை. "உனக்கு வேலை மேல அவ்வளவு பக்தியா?" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். தொப்பி இருப்பது நல்லதாகப் போயிற்று.

வேலை நன்றாகப் போகிறது. ஆந்தை மேடம் கடினமான தட்டுகளை என் மேசைக்கு அனுப்புகிறார். வாயால் பாராட்ட மாட்டார். தட்டு வருகிறது, அதுதான் பாராட்டு. ஆனால் கொஞ்ச நாளாக எங்கள் வரிசையில் சோதித்து அனுப்பிய லென்ஸ்களில் வெள்ளைப் புள்ளி இருப்பதாகத் திரும்பி வருகின்றன. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவிடம், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உன்
எலி

மார்ச் 10

அடியே,

நீ "பரவாயில்லை" என்று எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் காலில் ஆணி குத்தி ரத்தம் ஒழுகும்போதும் பரவாயில்லை என்றவள் நீ. எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லையா? அல்லது ஒழுங்காகத் தேய்ப்பதில்லையா? இரண்டில் இரண்டாவதுதான் உண்மை. உனக்குப் பொறுமை கிடையாது. புத்தகத்துக்கு இருக்கும் பொறுமை தலைக்கு இல்லை.

இந்தத் தடவை இலைகளைக் கூடுதலாகப் போட்டு, கறுக்கக் காய்ச்சி அனுப்புகிறேன். காய்ச்சும்போது பக்கத்துத் தையல் கடைக்காரர் வந்து, "என்னம்மா, ஏதாவது தீப்பிடிச்சிடுச்சா?" என்று எட்டிப் பார்த்தார். அவ்வளவு வீரியம். நன்றாக நகத்தால் கிளறிவிட்டுத் தேய். அப்போதுதான் உள்ளே இறங்கும்.

டாக்டர் கீக்டர் என்று போய் நின்றுவிடாதே. தலைக்கு அக்கா இருக்கும்போது டாக்டர் எதற்கு? ஊர் சிரிக்கும்.

அக்கா

ஏப்ரல் 18

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கடையில் வாசிக்காதே. தனியாக உட்கார்ந்து வாசி.

திங்கட்கிழமை ஆந்தை மேடம் எங்களை எல்லாம் நிறுத்திவைத்துவிட்டு ஏசி மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டார். மேற்கூரைக் குழாயிலிருந்துதான் வெள்ளைத் தூசு விழுகிறது என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்களாம். "துடைச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. என்னத்தைத் துடைச்சீங்க?" என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். அந்த அண்ணன், "மேடம், குழாய்க்குள்ள வாயை வெச்சு ஊதிக் காட்டட்டுமா? ஒரு பொட்டு வந்தா என்னை வீட்டுக்கு அனுப்புங்க" என்றார்.  யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த தட்டு என் மேசையில் இருந்தது. பூதக்கண்ணாடியை இழுத்துவைத்துப் பார்த்தேன். தூசு உருண்டையாக இருக்கும், அல்லது நூலாக இருக்கும். இது இரண்டுமில்லை. ஓரம் மடங்கி, லேசாக மஞ்சள் பூத்த செதில். எனக்கு அதை முன்பே தெரியும். தினமும் என் தலையணையில் பார்க்கிறேன். தொப்பிக்குள் கை நுழையாததால், மேலேயே பென்சிலால் குத்திச் சொறிவேன். எலாஸ்டிக் ஓரத்தைத் தூக்கித் தூக்கி விடுவேன். லென்ஸின் மேல் குனிந்துகொண்டு.

எனக்குக் கிடைத்த கண்ணால் நான் கண்டுபிடித்தது என் தலையை.

யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்திருக்கலாம். யாரிடமும் மூச்சு விடாதே என்று நீயும் எழுதியிருந்தாய். ஆனால் அந்த அண்ணன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். நான் எழுந்து மேடத்தின் மேசைக்குப் போனேன். அந்தத் தட்டையும் கையோடு எடுத்துப் போனேன்.

"மேடம், குழாய் இல்ல. அது என் தலையிலேர்ந்து வருது."

அவர் என்னையே பார்த்தார். "நிச்சயமாத் தெரியுமா?"

"இப்பத்தான் பார்த்தேன். நீங்களும் பாருங்க."

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிடுங்க" என்றார். அவரிடம் எல்லோருக்கும் முன்னாலேயே, "தப்பு என்மேல. மன்னிச்சிடுங்க" என்றார். என்னிடம் சொன்னது இதுதான்: "தோல் டாக்டரைப் பாரு. தலை சுத்தமாகிற வரைக்கும் பேக்கிங். ஜூன் கடைசிக்குள்ள சரியாகலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

டாக்டரைப் பார்த்தேன், அக்கா. கொதிக்கும் தண்ணீரில் தோல் முதலில் காய்ந்திருக்கிறது. அதோடு பொடுகும் சேர்ந்திருக்கிறது. "இப்படிப்பட்ட தலையில எண்ணெயை ஊறவெச்சு, அதுக்கு மேல இறுக்கமா மூடியும் போட்டா, பொடுகு வாடகை குடுக்காமக் குடியிருக்கும்" என்றார். அதற்கும் மேல் நகத்தால் கிளறியதில் இரண்டு இடம் புண். மருந்து ஷாம்பு கொடுத்திருக்கிறார். நுரையைச் சில நிமிடம் தலையில் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒட்டில்லாமல் அலச வேண்டும். தலை காய்ந்த பிறகுதான் தொப்பி. எண்ணெய் இப்போதைக்கு அறவே கூடாது.

சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். உன் எண்ணெய் எனக்கு உதவவில்லை. நிலைமையை மோசமாக்கியது. அடுத்த பாட்டில் அனுப்பாதே.

உன்
எலி

ஏப்ரல் 25

பட்டதாரி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தனியாகவே உட்கார்ந்து வாசித்தேன்.

உன் தலையில் முடி முளைத்த நாளிலிருந்து அதைக் கையில் பிடித்தவள் நான். பள்ளிக்கூடம் போகும் அவசரத்திலும் சிக்கெடுத்து, பிரித்து, பின்னி அனுப்பியவள் நான். அந்த டாக்டர் எத்தனை நிமிடம் பார்த்தார்? தலையைத் தொட்டாவது பார்த்தாரா?

ஒரு தொழிற்சாலை முழுக்கத் தெரிய, என் தலை அழுகியிருக்கிறது என்று எழுந்து நின்று சொன்னாயாமே. வாயே இல்லாத பிள்ளைக்கு வாய் முளைத்தது, அது முதலில் கடித்தது என்னை.

படித்த திமிர் என்று எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

எண்ணெய் அனுப்ப மாட்டேன். நீ கேட்டாலும் அனுப்ப மாட்டேன்.

உன்னைப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "அங்க உக்காந்து செய்யற வேலையா, நின்னுகிட்டா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் கவலை. பதில் எழுதுவதானால் அம்மாவுக்கு எழுது.

மே 15

அக்காவுக்கு,

அம்மாவிடம் சொல்: உட்கார்ந்து செய்கிற வேலைதான்.

நீ எழுத வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்கு இல்லை. நான் சொன்னதில் தவறு இல்லை. மறுபடி அந்தத் திங்கட்கிழமை வந்தாலும் மறுபடி எழுந்து நிற்பேன். நீயே யோசித்துப் பார். உன் நாற்காலியில் உட்கார்ந்த ஒருத்திக்குப் புருவம் ஒரு பக்கம் ஏறியிருந்தால், மறைத்து அனுப்பிவிடுவாயா? இழுத்து உட்காரவைத்துச் சரிசெய்துதானே அனுப்புவாய். எங்கிருந்து எனக்கு இது வந்தது என்று நினைக்கிறாய்?

உன் எண்ணெய் கெட்டது என்று நான் எழுதவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. நல்ல தலைக்கு அது நல்லது. என் தலைக்கு, இந்தத் தொப்பிக்குக் கீழே, அது ஆகாது. அதை நான் மறைத்து மறைத்துப் 'பரவாயில்லை' என்று எழுதியது உன் பெருமைக்காக. இனி அப்படி எழுத மாட்டேன். உன் பெருமை ஒரு பாட்டிலில் அடங்கிவிடுகிற அளவுக்குச் சின்னதில்லை.

சொல்லவே வந்த விஷயம் வேறு. ஞாயிற்றுக்கிழமை தலையை அலசிவிட்டு, காயவைக்க மொட்டை மாடிக்குப் போனேன். துணிக்கொடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். காற்று அடித்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, கை இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கின்றன. எங்கேயும் ஓடவில்லை, எதையும் தேடவில்லை. தலை என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. அரிப்பு நின்றால் ஆனந்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அந்த ஒன்றுமில்லாததற்காக அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துணி எடுக்க வந்த மேல்கட்டில், "ஷாம்பு கண்ணுல போயிடுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இன்னும் முழுவதும் சரியாகவில்லை. பிடரியில் கொஞ்சம் இருக்கிறது. அதுவும் ஜூன் கடைசிக்குள் போக வேண்டும்.

எலி

ஜூன் 9

எலிக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு விஷயம் நடந்துவிட்டது, சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நாற்சந்தியில் நிற்கும் டிராபிக் போலீஸ்காரம்மாவை உனக்குத் தெரியும். விசிலை வாயில் வைத்துக்கொண்டே வணக்கம் சொல்வாரே, அவர்தான். பல வருடமாக என் எண்ணெய்தான். நேற்று வந்து, "ரெண்டு பாட்டில் குடு. அரிப்பு தாங்கல. விசில் ஊதுறதா, சொறியறதான்னே தெரியல" என்றார். என் கை பாட்டிலை எடுத்துவிட்டது. அவர் அப்போதுதான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

எடுத்த கை அப்படியே நின்றது.

உட்காரவைத்து, விளக்கைத் தாழ்த்தி, வகிடு பிரித்துப் பார்த்தேன். தொப்பி உட்காரும் இடம் முழுக்க வட்டமாகச் சிவந்து, ஓரம் மடங்கிய செதில். லேசான மஞ்சள். நீ எழுதிய மாதிரியேதான், அடியே. இத்தனை வருடம் இந்தக் கையால் எத்தனை தலையைப் பிரித்திருப்பேன். செதிலைப் பார்த்தால் காய்ந்த தலை என்று எண்ணெயை ஊற்றினேனே தவிர, காய்ந்த செதிலா பிசுபிசுத்த செதிலா என்று குனிந்து பார்த்ததில்லை.

"உங்களுக்கு எண்ணெய் தர மாட்டேன்" என்றேன்.

"ஏன், ஸ்டாக் இல்லையா?"

"ஸ்டாக் இருக்கு. உங்க தலையிலதான் இதுக்கு மேல இடமில்ல. தோல் டாக்டரைப் பாருங்க."

 போலீஸ்காரம்மா கண்ணாடி வழியாக என்னை முறைத்தார். "என்ன, உன் எண்ணெயை நீயே வேண்டாம்ங்கிற?"

"என் தங்கச்சி தலையும் இப்படித்தான் ஆச்சு. எண்ணெய், அதுக்கு மேல தொப்பி."

"யாரு, இந்தப் பின்னல்காரிக்கா?"

"அவளுக்கேதான். அவதான் கண்டுபிடிச்சா. லென்ஸுக்குள்ள. ஒருத்தருக்கும் தெரியாது, அவளே எழுந்து சொன்னா" என்றேன். சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது தெரியுமா? நீ பட்டப்படிப்பில் முதல் வகுப்பில் தேறியதைச் சொன்னேனே, அதைவிட ஓங்கி இருந்தது. மூலையில் காத்திருந்தவள் போனை மூடி வைத்துவிட்டு, "அப்ப என் தலையையும் கொஞ்சம் பாருங்க" என்றாள். பார்த்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை, வெறும் வறட்சி. ஒரு பாட்டில் கொடுத்தேன், "கழுவுறதுக்கு முன்னாடி மட்டும் தேய்ங்க, நகம் படாம" என்று சொல்லி.

இனி எந்தத் தலையானாலும் முதலில் விளக்கு, பிறகுதான் எண்ணெய். இது என் கடைச் சட்டம்.

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். அக்கா என்றால் அக்காதான். நகத்தால் கிளறச் சொன்னேனே, அந்த இரண்டு புண்ணும் ஆறியதா? அதை மட்டும் எழுது.

ஜூன் பிறந்துவிட்டது. அந்த ஆந்தை உன்னைத் திரும்பக் கூப்பிட்டாளா? கூப்பிடவில்லை என்றால் விலாசம் அனுப்பு. நான் நேரில் வந்து அவள் தலையைப் பிரித்துப் பார்க்கிறேன்.

அக்கா

ஜூலை 1

அக்காவுக்கு,

புண் ஆறிவிட்டது. தழும்பு இல்லை.

நேற்று ஆந்தை மேடம் என்னைப் பேக்கிங்கிலிருந்து கூப்பிட்டார். அவருடைய அறைக்குப் போவோம் என்று நினைத்தேன். சோதனை அறையின் வாசலுக்கு, எல்லோரும் கோட்டு மாட்டும் இடத்துக்கே கூட்டிப்போனார். லென்ஸ் பார்க்கும் விளக்கை ஒரு கையில் எடுத்து வந்திருந்தார். "பின்னலை அவிழ்" என்றார்.

என்னைத் தெரியும் உனக்கு. நான்கு பேர் பார்த்தால் சோறு பிசைய மாட்டேன். அங்கே இருபது பேர் இருந்திருப்பார்கள். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நீ உன் கடையில் எல்லோருக்கும் முன்னால் சொன்னாயே, அதை நினைத்துக்கொண்டேன். அவிழ்த்தேன். குனிந்து நின்றேன். அவர் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். நெற்றி, உச்சி, காதோரம், பிடரி. தட்டில் வந்த லென்ஸை நான் எப்படிச் சாய்த்துத் திருப்பிப் பார்ப்பேனோ, அப்படி.  நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், செதில் ஏதாவது விழுகிறதா என்று.

விளக்கை அணைத்தார். "சுத்தமா இருக்கு. உள்ள போ" என்றார்.

நான் பின்னலைப் போட்டுக்கொண்டிருந்தபோது, வரிசையிலிருந்து ஒரு குரல்: "மேடம், என்னையும் பாருங்க." யார் என்று திரும்பினால், மேல்கட்டில். என் எண்ணெயைக் கேலி செய்தவள், தானும் இத்தனை மாதமாகத் தொப்பிக்குள் சொறிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். ஆந்தை மேடம் கண்ணை இமைத்தார், அக்கா. நான் பார்த்தேன். "தலை அரிக்குதுன்னு வந்து சொல்றவங்களைப் பேக்கிங்குக்கு அனுப்ப மாட்டேன். டாக்டர்கிட்ட அனுப்புவேன். தொப்பி தினமும் துவைச்சு வரும், எலாஸ்டிக்கையும் தளர்த்தச் சொல்றேன்" என்றார். மெக்கானிக் அண்ணன் ஏணியில் நின்றபடி, "இனிமே எனக்குத் திட்டு விழுந்தா முதல்ல உன்னைத்தான்மா கூப்பிடுவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சத்தமாகச் சிரித்தேன்.

நான் நிரந்தரமாகிவிட்டேன். சோதனை அறையில்.

நிரந்தரமானவர்களுக்கு ஆளுக்கொரு சின்ன ரப்பர் முத்திரை உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். நாம் பார்த்து நல்லது என்று அனுப்பும் தட்டின் சீட்டில் அதைக் குத்த வேண்டும். அதில் ஒரு லென்ஸ் பிசகினாலும் பொறுப்பு அந்த எண்ணுக்கு. இன்று காலை என்னுடையதைக் கையில் கொடுத்தார்கள். முதல் தட்டை வழக்கத்தைவிட மெதுவாகப் பார்த்து முடித்தேன். ஒரு லென்ஸை ஒதுக்கினேன். மற்றவற்றுக்கு முத்திரை குத்தினேன். பிடி பழகாததால் எண் சாய்வாக விழுந்தது. பக்கத்து மேசைக்காரி, "இன்னொரு சீட்டு எடுத்து நேராக் குத்து" என்றாள். வேண்டாம் என்றேன். எண் தெளிவாக இருக்கிறது. யாருடைய கண் பார்த்தது என்று கேட்டால், என்னுடையது என்று தெரியும்.

உன்
எலி